ஒவ்வொரு தாயையும் அறிந்த சுகாதாரம்: இலங்கையில் தாய், சேய் இறப்புக் குறைந்த வரலாறு

1935ஆம் ஆண்டில் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அந்த வீதம் பத்துக்கும் கீழே உள்ளது. 1930களின் முற்பகுதியில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மகப்பேற்றில் மாண்டனர். அண்மைக் காலத்தில் அது முப்பதை அண்டி நிற்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் உலகம் அடைய வேண்டிய இலக்காக ஐக்கிய நாடுகள் சபை வகுத்தது 70. இலங்கை அந்த எல்லையை மிக முன்னரே கடந்துவிட்டது.

இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி நாடு செல்வம் பெறுவதற்கு முன்பே நிகழ்ந்தது. ஆகவே வருமான உயர்வைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பொறுப்பான ஒருவரை நியமித்து, அவருக்குப் பின்னால் இலவச மருத்துவமனையை நிறுத்திய ஏற்பாடே இம்மாற்றத்தின் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்த ஏற்பாடு முழுமையாகச் சென்றடையாத மலையகத் தோட்டங்களின் வரலாறு இதற்கு மறுபுறச் சான்றாகிறது.

மருத்துவமனைகளின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவின் பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டில், ஊர் மருத்துவிச்சியின் கையிலேயே நடந்தன. மேலை மருத்துவம் மகப்பேற்றுக்குள் நுழைந்த தொடக்கத் தடங்களில் ஒன்று யாழ்ப்பாணத்தில் உள்ளது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார்; மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கொழும்பில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1895இல் சிறுவர்களுக்கான லேடி றிஜ்வே மருத்துவமனையும், 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனையும் தோன்றின.

இவை அரிய பணி செய்தன. ஆயினும் நாட்டின் இறப்பு வீதத்தை அசைக்கும் வலிமை இவற்றுக்கு இல்லை. வலி எடுத்த பெண் மருத்துவமனையைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. நகரத்துக்கு வெளியே வாழ்ந்த பெரும்பான்மையினருக்கு அது எட்டாத தொலைவு.

களுத்துறை 1926

திருப்பம் 1926இல் வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. வரையறுத்த ஒரு நிலப்பரப்பு, அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்களும் தாதியரும் மருத்துவமாதரும் என்பதே அதன் வடிவம். நோயாளி வரும்வரை காத்திராமல், அப்பரப்பில் வாழும் எல்லோருக்கும் அப்பிரிவு பொறுப்பேற்றது. எத்தனை பெண்கள் கருவுற்றிருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்கு எடை குறைகிறது என்பவை பதிவேட்டில் ஏறின. இவ்வமைப்பு படிப்படியாக நாடெங்கும் பரவியது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கியது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கிராமத்தார் பாலமும் பாடசாலையும் கேட்டனர். மருந்தகமும் பிரசவ விடுதியும் கேட்டனர். சுகாதாரச் செலவு அரசியல் கடமையாக மாறியதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

மலேரியாவும் அதன்பின் எழுந்த விவாதமும்

1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைப் பறித்தது. ஏற்கெனவே இரத்தசோகையால் மெலிந்திருந்த கர்ப்பிணிகளுக்கு அது கொடிய அடி. 263 என்ற குழந்தை இறப்பு வீதம் அந்த ஆண்டின் வடுவே. இவ்வழிவுக்குப் பின் கிராமப்புறங்களில் மருந்தகங்களையும் சிறு மருத்துவமனைகளையும் கட்டும் பணி விரைவு பெற்றது.

1940களின் நடுப்பகுதியில் வீடுகளுக்கு டிடிடி கொசுக்கொல்லித் தெளிப்புத் தொடங்கியது. 1946இல் 141ஆக இருந்த குழந்தை இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 101ஆகச் சரிந்தது. இவ்வளவு கூர்மையான வீழ்ச்சிக்குக் காரணம் எது என்பது குறித்து ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. பீற்றர் நியூமன் தன் கணிப்பில், போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகமானதை மலேரியாக் கட்டுப்பாட்டின் கணக்கில் சேர்த்தார். 1974இல் ஆர். எச். கிரே அதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைத்து மதிப்பிட்டார். எந்தக் கணிப்பை ஏற்றாலும் எஞ்சும் பெரும்பகுதிக்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது.

மூன்று இழைகள்: 1945-1975

அவ்விளக்கம் மூன்று இழைகளால் ஆனது. முதலாவது கல்வி. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எழுத்தறிந்த தாய் காய்ச்சலை விதியென்று விட்டுவிடவில்லை. நாள் தவறாமல் கிளினிக்குக்குப் போனாள். குறைந்த வருமானத்தில் நல்ல ஆரோக்கியம் கண்ட நாடுகளை 1986இல் ஒப்பிட்ட ஜோன் கால்ட்வெல், இலங்கையை அவற்றின் முன்வரிசையில் வைத்து, பெண்களின் கல்வியையும் அவர்களின் சுயாதீனத்தையும் முதன்மைக் காரணங்களாகக் கண்டார்.

இரண்டாவது இலவச மருத்துவம். 1951இல் அரசு மருத்துவமனைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. நள்ளிரவில் குருதிப்போக்கு ஏற்பட்டால், காசுக்கு எங்கே போவது என்று குடும்பம் தயங்கி நிற்கும் நேரம் குறைந்தது. மகப்பேற்றில் அந்தத் தயக்கத்தின் விலை பெரும்பாலும் உயிர்தான்.

மூன்றாவது மருத்துவமாது. இன்று பொதுச் சுகாதார மருத்துவமாது ஒருவருக்கு ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் கொண்ட பகுதி ஒப்படைக்கப்படுகிறது. திருமணமான தம்பதியர் அவரது பதிவேட்டில் இடம்பெறுகின்றனர். கரு உண்டானதும் அவர் வீடு தேடி வருகிறார். இரத்த அழுத்தம் ஏறியவரை, முன்பு சிசேரியன் செய்தவரை இனங்கண்டு மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புகிறார். பிரசவத்துக்குப் பின் மீண்டும் வருகிறார். தொடக்கத்தில் வீட்டுப் பிரசவங்களைத் தாமே பார்த்தவர்கள் இம்மாதர். பின்னர், மருத்துவமனைகள் எட்டும் தொலைவுக்கு வந்தபோது, பெண்களை அங்கே அனுப்பி வைப்பவர்களாயினர். 2006-07 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி 98 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடந்தன.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ இருபதாண்டுகளாகக் கர்ப்பகாலப் பராமரிப்பு இருந்தும் 1940களின் நடுப்பகுதிவரை தாய் இறப்பு ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. அது சரியத் தொடங்கியது 1947ஐ ஒட்டியே. பெனிசிலின், குருதி ஏற்றல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைத் தரக்கூடிய மருத்துவமனைகள் அப்போதுதான் மருத்துவமாதருக்குப் பின்துணையாயின. 1975 அளவில் தாய் இறப்பு வீதம் ஏறத்தாழ நூறாகக் குறைந்தது. ஆபத்தை முன்கூட்டி அறிந்து என்ன பயன், அதைத் தீர்க்கும் இடம் அருகில் இல்லாவிட்டால்? இவ்விரண்டும் இணைந்ததே இலங்கையின் பாடம்.

இறப்பை விசாரித்தல்

1968இல் தோன்றிய குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழிகாட்டலில் அடுத்த கட்டம் அமைந்தது. ஒவ்வொரு தாயின் இறப்பும் அறிவிக்கப்பட வேண்டும். மருத்துவமனையிலும் களத்திலும் விசாரிக்கப்பட வேண்டும். தவிர்த்திருக்க முடியுமா என்று ஆராயப்பட வேண்டும். இவ்விசாரணைகளின் துணையுடன் வீதம் மேலும் குறைந்தது. அவை காட்டிய மற்றொரு மாற்றம், குருதிப்போக்கும் வலிப்பும் கொன்ற இடத்தில் இருதய நோய் போன்ற மறைமுகக் காரணங்கள் முன்னுக்கு வந்தமை. உள்நாட்டுப் போர் வடக்கிலும் கிழக்கிலும் மருத்துவமனைகளையும் ஊழியர்களையும் குலைத்த ஆண்டுகளிலும் போலியோச் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. 1993க்குப் பின் நாட்டில் போலியோ நோயாளர் எவரும் பதிவாகவில்லை.

சராசரிக்குள் மறைந்த தோட்டங்கள்

தேயிலைத் தோட்டங்களின் கதை வேறு. தொழிலாளரின் மருத்துவம் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அதற்கு முந்திய ஏற்பாடுகளின் கீழும் பெரிதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டது. 1939இன் மகப்பேற்று நன்மைச் சட்டம் ஓரளவு பாதுகாப்பளித்தது. ஆனால் கிராமத்தைச் சுற்றி வந்த அரச மருத்துவமாது தொழிலாளர் வாழ்ந்த லயன் எனப்படும் வரிசை வீடுகளுக்கு நீண்டகாலம் வரவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரால் பிரசவ விடுதி கேட்டு எவரையும் வலியுறுத்த முடியவில்லை. 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் இறப்புகள் கடுமையாக உயர்ந்தபோது, ஒரே தீவில் இருவேறு சுகாதாரங்கள் இருந்தது வெளிப்பட்டது.

1970களின் தேசியமயமும், குடியுரிமை மீட்பும், தோட்ட மருத்துவத்தை அரச அமைப்புடன் இணைத்தமையும் இடைவெளியைச் சுருக்கின. இறப்பு குறைந்தது; ஊட்டக்குறைவு நீடித்தது. 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதம்; தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். கொழுந்து பறிக்கும் தாயின் இரத்தசோகை, குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை, நெருக்கடியான லயன் அறை ஆகியவை தலைமுறை தாண்டித் தொடர்கின்றன.

முடிவுரை

இவ்வரலாறு சொல்வது தெளிவானது. ஒரு தாயைப் பெயரிட்டு அறிந்த ஊழியர், செலவின்றிக் கிடைக்கும் சிகிச்சை, கேட்டுப் பெறும் உரிமையுடைய மக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் இறப்பு குறைந்தது. ஒன்று விலகிய இடத்தில் அது தங்கியது. 2022இன் பொருளாதார நெருக்கடி மருந்தையும் திரிபோஷா சத்துமாவையும் அரிதாக்கியது. மருத்துவர்கள் வெளிநாடு சென்றனர். தொண்ணூறு ஆண்டுகளில் கட்டியது தானாக நிலைத்திருக்கும் என்று எண்ண இடமில்லை.

தேசிய சராசரி இனிப் போதுமான அளவுகோல் அன்று. மாவட்டம், துறை, வாழிடம் வாரியாகக் குறிகாட்டிகளைப் பிரித்து வெளியிட வேண்டும். மருத்துவமாதர் வெற்றிடங்களைத் தோட்டங்களில் முதலில் நிரப்ப வேண்டும். கர்ப்பிணியின் உணவைச் சுகாதாரச் செலவாகவே கருத வேண்டும். நுவரெலியாத் தோட்டத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கொழும்பில் பிறக்கும் குழந்தைக்குரிய வாய்ப்பு கிட்டும்போதே 1926இல் களுத்துறையில் தொடங்கிய வேலை நிறைவுபெறும்.