சால்மன் சேஸின் சட்டச் சிந்தனை: மட்டில்டா வழக்கு முதல் ஹெப்பர்ன் தீர்ப்பு வரை

முன்னுரை

சால்மன் போர்ட்லண்ட் சேஸ் (1808–1873) வழக்கறிஞர், செனட் உறுப்பினர், ஒகையோ மாநில ஆளுநர், ஆபிரகாம் லிங்கனின் கருவூலச் செயலர், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்தவர். குடியரசுத் தலைவர் பதவியில் அவர் கொண்டிருந்த வேட்கையைக் கொண்டே அவரது வாழ்வை விளக்குவது பெருவழக்கு. அவ்விளக்கம் அவரது சட்டச் சிந்தனையின் தொடர்ச்சியைப் புறக்கணிக்கிறது. அத்தொடர்ச்சியை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிமைமுறை வழக்குகள்

சேஸ் 1830இல் சின்சினாட்டி நகரில் குடியேறி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். உரிமையாளரால் ஒகையோவுக்கு அழைத்து வரப்பட்டு, அங்கேயே தங்கிவிட்ட மட்டில்டா என்னும் பெண்ணுக்காக 1837இல் ஆட்கொணர்வு மனுவின்மீது வாதாடினார். அடிமைமுறை மாநிலச் சட்டத்தால் மட்டுமே நிலைபெறுவது. அச்சட்டத்தின் எல்லையைக் கடந்தால் அது செல்லாது. அடிமைகளைப் பிடித்துத் தரும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் கூட்டாட்சி அரசுக்கு வழங்கவில்லை என்பன அவரது வாதத்தின் கூறுகள். வழக்குத் தோற்றது; மட்டில்டா மீண்டும் அடிமையாக்கப்பட்டார். வான் சான்ட் வழக்கில் சேஸ் முன்வைத்த இத்தகைய வாதத்தை உச்ச நீதிமன்றமும் 1847இல் நிராகரித்தது. ஆயினும் நீதிமன்றத்தில் தோற்ற இவ்வாதம், 1848இல் தோன்றிய சுதந்திர நிலக் கட்சியின் அரசியல் கொள்கையாக உருப்பெற்றது.

கருவூலப் பொறுப்பு

உள்நாட்டுப் போரின் செலவு கருவூலத்தை வறிதாக்கியது. 1862 பிப்ரவரி 25ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் 15 கோடி டாலர் மதிப்புள்ள காகிதப் பணத்தை வெளியிட அனுமதித்து, கடனைத் தீர்ப்பதற்கு அதனைக் கட்டாயச் செலாவணியாக்கியது. தொடக்கத்தில் தயங்கிய சேஸ், வேறு வழியின்மையால் அதனை ஆதரித்தார். ஒரு டாலர் தாளில் அவரது உருவமே அச்சிடப்பட்டது.

ஹெப்பர்ன் தீர்ப்பு

1864 டிசம்பரில் சேஸ் தலைமை நீதிபதியானார். 1870 பிப்ரவரி 7ஆம் நாள் ஹெப்பர்ன் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு, சட்டத்திற்கு முன்னரே ஏற்பட்ட கடன்களுக்குக் காகிதப் பணத்தைக் கட்டாயமாக்கியது அரசமைப்புக்கு முரணானது என்றது. போர்க்காலக் கொந்தளிப்பு அமைதியான ஆராய்ச்சிக்கு இடந்தரவில்லை என்பதையும் அதில் ஒப்புக்கொண்டார். அதே நாளில் குடியரசுத் தலைவர் கிராண்ட் இரு புதிய நீதிபதிகளின் பெயர்களை முன்மொழிந்தார். அவ்விருவரும் இணைந்த நீதிமன்றம் 1871இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. சேஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

முடிவுரை

தாம் செயற்படுத்திய சட்டத்தையே சேஸ் செல்லாதென்றது முரண்பாடாகக் கருதப்படுகிறது. எனினும் இவ்வதிகாரத்தை அரசமைப்பு எங்கு வழங்கியுள்ளது என்னும் ஒரே வினாவையே அவர் 1837இலும் 1870இலும் எழுப்பினார். முன்னது அடிமையின் விடுதலைக்கும் பின்னது கடன் கொடுத்தோர் நலனுக்கும் துணைநின்றது. எனவே அவரது கொள்கையின் பயன் மாறியதேயன்றிக் கொள்கை மாறவில்லை. அதிலிருந்து அவர் விலகியது 1862இல்தான் எனக் கொள்வதே பொருத்தமாகும்.