கார் காப்பீட்டுக் கட்டணம்: இந்திய நடைமுறை

இந்தியாவில் கார் வைத்திருப்பவர் செலுத்தும் காப்பீட்டு பிரீமியம் ரசீதில் ஒரே தொகையாகத் தெரிந்தாலும், அது இரண்டு வேறு கட்டணங்களின் கூட்டு. காரால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கானது மூன்றாம் நபர் காப்பீடு. பேச்சில் ‘தேர்டு பார்ட்டி’. விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றால் காருக்கே நேரும் இழப்புக்கானது சொந்தச் சேதக் காப்பீடு. இரண்டும் சேர்ந்த பாலிசியை ‘ஃபுல் கவர்’ என்கிறார்கள். முதலாவதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அதே தொகைதான். இரண்டாவதன் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைக்கிறது. ஒரே தெருவில் ஒரே மாடல் கார் வைத்திருக்கும் இருவர் வெவ்வேறு தொகை கட்டுகிறார்கள் என்றால், வித்தியாசம் அநேகமாக இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கும்.

சட்டப் பின்னணி

பிரிட்டன் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தால் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கான அத்தியாயம் இருந்தும், 1946 ஜூலை 1 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. இன்று நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் 146ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய்.

புதுக் கார் வாங்கும்போது மூன்று ஆண்டுகளுக்கான தேர்டு பார்ட்டி தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்வதற்குப் பின்னால் ஒரு கோவை மருத்துவர் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த உத்தரவால், அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. முதல் ஆண்டுக்குப் பிறகு பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் பழக்கமே இதற்குக் காரணம்.

மூன்றாம் நபர் பிரீமியம்

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தைக் கலந்து, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தொகையை அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தனியார் கார்களில் 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். மின்சாரக் கார்களுக்கு 15 சதவீதமும் ஹைபிரிட் கார்களுக்கு 7.5 சதவீதமும் குறைவு. இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

காரின் விலைக்கு இதில் இடமே இல்லை. ஒரு கோடி ரூபாய் ஜெர்மன் காரும் வாசலில் நிற்கும் பழைய டாடா சுமோவும் 1,500 சிசியைத் தாண்டியவை என்பதால் ஒரே தொகைதான். இடித்த வண்டி எவ்வளவு பெறும் என்பதைப் பொறுத்து, அடிபட்டவரின் இழப்பு கூடுவதோ குறைவதோ இல்லை என்பதால் இது நியாயமானதே.

அந்த இழப்பை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்த்தால், பிரீமியம் ஏன் இந்த அளவில் இருக்கிறது என்பது விளங்கும். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்துள்ளன. மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த, சொந்தத் தொழில் செய்த, 35 வயதுக்காரர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார், அவரை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கைக் கழித்தால் மீதி 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 40,32,000 ரூபாய். ஈமச்சடங்கு, குடும்பத்தாரின் இழப்பு போன்ற தலைப்புகளில் வருவது தனி. இந்த ஒரு சாவுக்கான தொகையை ஈடுகட்ட, 3,416 ரூபாய் கட்டும் கார்கள் ஏறத்தாழ 1,180 வேண்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் என்று எல்லை உண்டு. மக்களின் வருமானம் ஏற ஏற இழப்பீடும் ஏறும். அதைத் தொடர்ந்து பிரீமியமும் ஏறியாக வேண்டும்.

தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்தப் பாலிசி, அதே காரில் உடன் பயணிக்கும் உறவினரையும் நண்பரையும் பொதுவாகக் காப்பதில்லை. ஃபுல் கவர் காக்கும். கார் உரிமையாளர் தாமே ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் ரூபாய் வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடும் தனியாக எடுக்க வேண்டிய கட்டாயக் காப்பீடுதான். பயணிகளுக்குப் பாதுகாப்பில்லாத இந்த ஓட்டையை அடைக்கும் நோக்கில், புதிய வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு முழுக் காப்பீடு கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதால் செப்டம்பரிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு போயிற்றே தவிர ஓட்டை அப்படியே இருக்கிறது.

சொந்தச் சேத பிரீமியம்

2006 முடிய இதற்கும் நாடு முழுவதும் ஒரே அட்டவணைதான். கட்டண ஆலோசனைக் குழு வகுத்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனாலும் நிறுவனங்கள் நெடுங்காலம் பழைய அட்டவணையையே அடிப்படையாக வைத்துக்கொண்டு அதில் தள்ளுபடி கொடுத்து வந்ததால், கட்டணம் எப்படி உருவாகிறது என்பதை அறிய அதுவே இன்னும் நல்ல வழி.

அட்டவணை மூன்று விஷயங்களைக் கேட்கிறது: எந்த ஊர்ப் பதிவு, எத்தனை சிசி, எத்தனை வயது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ‘ஏ’ மண்டலம். நாட்டின் மற்றப் பகுதிகள் எல்லாம் ‘பி’ மண்டலம். நெரிசலும் திருட்டும் பழுதுச் செலவும் பெருநகரத்தில் அதிகம் என்பது கணக்கு. ஐந்து வயதுக்கு உட்பட்ட, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்குச் சென்னையில் 3.283 சதவீதம், மதுரையிலோ திருச்சியிலோ 3.191 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். கார் பழையதாக ஆக சதவீதம் கூடும்.

எதன் மீதான சதவீதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ‘ஐடிவி’, நிறுவனம் அந்தக் காருக்கு எழுதித் தரும் விலை. உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டு முடியும் வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என்று கழித்து இதைக் கணிப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. கார் திருடு போனாலோ, சரிசெய்ய முடியாதபடி நொறுங்கி ‘டோட்டல் லாஸ்’ ஆனாலோ கையில் வருவது இந்தத் தொகையை ஒட்டித்தான்.

ஒரு கணக்கு: சென்னைப் பதிவு, 1,197 சிசி, ஐடிவி 6,00,000 ரூபாய். அட்டவணைப்படி 19,698 ரூபாய். நிறுவனம் 60 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்றால் 7,879. அதில், முந்தைய ஆண்டுகளில் கிளைம் கேட்காததற்கான நோ கிளைம் போனஸ் 25 சதவீதம் போக 5,909. தேர்டு பார்ட்டி 3,416ஐச் சேர்த்தால் 9,325. ஜிஎஸ்டியுடன் ஏறத்தாழ 11,000 ரூபாய். இந்தத் தள்ளுபடிதான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது. அந்த மாடலில் இதுவரை வந்த கிளைம்கள், உதிரிபாகங்களின் விலை, எவ்வளவு எளிதில் திருடு போகும் என்பது, அந்த வட்டாரத்தில் தனக்கு இருக்கும் அனுபவம், முகவருக்குத் தரும் கமிஷன் எல்லாவற்றையும் பார்த்து நிறுவனம் அதைத் தீர்மானிக்கிறது.

புதுப்பிக்கும்போது ‘அவரைவிடக் குறைச்சலாகப் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லப்படும் இடங்களில் ஐடிவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆறு லட்சத்தை ஐந்து லட்சமாக எழுதினால், மேற்சொன்ன காரில் மிச்சமாவது ஜிஎஸ்டியோடு சேர்த்துச் சுமார் 1,160 ரூபாய். திருட்டுப் போனால் போவது ஒரு லட்சம். இந்தப் பரிமாற்றம் கார்க்காரருக்கு ஒருபோதும் லாபமில்லை.

நோ கிளைம் போனஸ்

ஓராண்டு முழுவதும் கிளைம் எதுவும் கேட்காவிட்டால் அடுத்த ஆண்டின் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். தொடர்ந்து அப்படியே இருந்தால் 25, 35, 45, 50 என்று ஏறி அங்கே நிற்கும். ஒரு கிளைம் கேட்டதும் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அப்படியே.

மேலே சொன்ன காரில் 50 சதவீதப் போனஸ் இருந்தால் சொந்தச் சேதத்துக்குக் கட்டுவது 3,940 ரூபாய். கதவில் ஒரு கீறல் விழுந்ததற்குக் கிளைம் கேட்டால், அடுத்த ஆண்டுகளில் முறையே 7,879, 6,303, 5,909, 5,121, 4,333 என்று கட்டித்தான் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். ஐடிவி மாறாது என்று கொண்டால், ஐந்தாண்டில் கூடுதலாகப் போவது ஏறக்குறைய 9,850 ரூபாய். ஐந்தாறாயிரத்துக்குள் முடியும் வேலைக்குக் கைக்காசு போடுவதே பெரும்பாலும் நல்லது.

போனஸ் உரிமையாளருடையது, காருடையதல்ல. காரை விற்றவர் அதைத் தன் அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். பழைய கார் வாங்குபவருக்கு அது வராது. கார் கைமாறி 14 நாளுக்குள் பாலிசியையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் மூன்றாம் நபர் பாதுகாப்பு தொடரும், ஆனால் சொந்தச் சேதத்துக்குக் கிளைம் கேட்கும்போது சிக்கல் வரும். பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் கார் வாங்குவோர் ஆர்சி புக்கில் காட்டும் அக்கறையைப் பாலிசியில் காட்டுவதில்லை.

பம்பர் டு பம்பரும் வெள்ளமும்

ஃபுல் கவர் என்ற பெயர் சொல்வதைவிடப் பாலிசி தருவது குறைவு. முன் பம்பர் உடைந்து, புது பம்பர் 8,000, பெயின்டிங் 4,000 என்று ஒர்க்‌ஷாப் 12,000 ரூபாய்க்குப் பில் போடுகிறது என்று கொள்வோம். சர்வேயர் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்: 4,000. பெயின்டிங்கில் பொருளுக்கான கால் பங்கில் பாதி: 500. எல்லாக் கிளைமிலும் கார்க்காரர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரை 1,000. ஆக 5,500 ரூபாய் கார்க்காரர் தலையில். ரப்பர், டயர், பேட்டரிக்கும் பாதி கழியும், கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து. தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதுதான் ‘ஜீரோ டெப்’, பேச்சில் ‘பம்பர் டு பம்பர்’. கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு அது தகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கார்க்காரர்கள் பலர் இன்னொரு விதியைத் தெரிந்துகொண்டார்கள். வெள்ளத்தால் ஆகும் சேதத்துக்கு ஃபுல் கவரில் இழப்பீடு உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு இன்ஜின் கெட்டால், அது வெள்ளச் சேதமல்ல, பின்விளைவு என்று நிறுவனங்கள் மறுக்கும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இதற்குத்தான். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவருக்கு இது ஆடம்பரம் அல்ல. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீரில் நின்ற காரின் சாவியைத் தொடாமல் இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்புவதே சரி.

காரின் பயன்பாடும் கட்டணத்தை மாற்றும். வாடகைக்கு ஓடும் ‘டி போர்டு’ வண்டிக்கு வேறு அட்டவணை. ஒயிட் போர்டு காரை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் கிளைம் நிராகரிக்கப்படலாம். கேஸ் கிட் பொருத்தினால் அதன் மதிப்பில் 4 சதவீதமும் மூன்றாம் நபர் பிரீமியத்தில் 60 ரூபாயும் கூடும். இந்தச் சிறு தொகைக்காகப் பாலிசியில் பதியாமல் விடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஓட்டுநர் எங்கே?

இத்தனைக் கணக்கிலும் காரை ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி வரவே இல்லை. நோ கிளைம் போனஸ் ஒன்றுதான் அவரை மறைமுகமாகத் தொடுகிறது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. ஓட்டுநரின் வயது, அனுபவம், அபராதச் சீட்டுகள், குடியிருக்கும் பகுதி, ஆண்டுக்கு ஓட்டும் மைல்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தே விலை சொல்கிறார்கள்; பதின்வயதினருக்குப் பன்மடங்கு கட்டணம். பெரும்பாலான மாநிலங்களில் கடன் மதிப்பெண்ணும் சேரும். கலிபோர்னியா 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, ஓட்டுநரின் பாதுகாப்பு வரலாறு, ஓட்டும் தூரம், அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றுக்குமே முதன்மை தர வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பிரித்து விலை வைக்க முடியாது. கவனமாக ஓட்டுபவரும் கண்மண் தெரியாமல் ஓட்டுபவரும் ஒரே தொகை கட்டுவதைவிட, கலிபோர்னியாவின் மூன்று அளவுகோல்கள் நேர்மையானவை.

இந்தியாவில் அதற்கான கதவு 2022 ஜூலையில் திறந்தது. ஓட்டிய தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்பச் சொந்தச் சேத பிரீமியம் வசூலிக்கும் கூடுதல் திட்டங்களை ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. காரில் பொருத்தும் கருவியோ கைபேசிச் செயலியோ வேகத்தையும் திடீர் பிரேக்கையும் பதிவு செய்யும். வாரக்கடைசியில் மட்டும் காரை வெளியே எடுப்பவருக்கு இது உகந்தது. மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் இன்னும் சிசி கணக்கிலேயே நிற்கிறது. பிறரைக் கொல்லக்கூடிய அபாயத்தின் விலை அதுதான் என்பதால், ஓட்டும் விதம் முதலில் எட்ட வேண்டிய இடம் அதுவே.

காப்பீடு இல்லாத வண்டிகள்

சாலையில் உள்ள வண்டிகளில் ஏறத்தாழ பாதிக்குக் காப்பீடு இல்லை என்று காப்பீட்டுத் துறைக் கணக்குகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. இருசக்கர வாகனங்களே இதில் மிகுதி. செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தாலும், பாலிசி இருந்தால் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். பாலிசியே இல்லாவிட்டால் முழுத் தொகையையும் உரிமையாளரும் ஓட்டியவருமே தர வேண்டும். 40 லட்சம் ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கிய குடும்பம், அவ்வளவு சொத்து இல்லாத ஒருவரிடமிருந்து அதை வசூலிக்க நிறைவேற்றல் மனுவோடு மீண்டும் அலைய வேண்டியிருக்கும்.