குரல் மாறிய கதை – 9: அரக்கன் காத்திருக்கிறான்

2007 ஜூன் 10, ஞாயிறு இரவு. அமெரிக்காவே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. 'தி சோப்ரானோஸ்' தொடரின் கடைசிப் பகுதி அன்று. மாஃபியா தலைவன் டோனி ஓர் உணவகத்தில் அமர்ந்து, மேசைமேல் இருந்த பாட்டுப்பெட்டியில் காசு போடுகிறான். மனைவி வருகிறாள். மகன் வருகிறான். மகள் வெளியே காரை நிறுத்தத் திணறுகிறாள். கதவு திறக்கும் சத்தம். டோனி நிமிர்ந்து பார்க்கிறான்.

திரை இருண்டது. பாட்டும் பாதியில் அறுந்தது. கேபிள் போய்விட்டது என்று நினைத்துப் பெட்டியைத் தட்டியவர்கள் ஏராளம்.

அறுந்துபோன அந்தப் பாட்டு 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்'. ஜர்னி இசைக்குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு. டோனி செத்தானா பிழைத்தானா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தது. இருபத்தாறு வருடத்துப் பழைய பாட்டுக்குப் புது வாழ்வு!

ஆனால் அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. ஜர்னியின் பாடகர் ஜெஃப் ஸ்காட் சோட்டோ குழுவில் இல்லை. நாடு முழுக்க ஒரு பாட்டு ஒலிக்கிறது, அதை மேடையில் பாட ஆள் கிடையாது. போன வாரம் நாம் நிறுத்திய இடம் இதுதான்.

'அசல் பாடகர் ஸ்டீவ் பெர்ரியைக் கூப்பிட வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. 1977இல் குழுவுக்கு வந்த பெர்ரி, ஜர்னியை அரங்குகளிலிருந்து விளையாட்டுத் திடல்களுக்குத் தூக்கிக்கொண்டு போனவர். 1987இல் களைத்து ஒதுங்கினார். 1996இல் திரும்பி வந்து ஓர் ஆல்பம் பாடினார். சுற்றுப்பயணம் கிளம்பும் நேரத்தில் இடுப்பு மூட்டு பழுதாகிவிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவர் அவசரப்படவில்லை. குழுவோ காத்திருக்கவில்லை. 1998இல் ஸ்டீவ் ஆஜெரி என்பவரைக் கொண்டுவந்தார்கள்.

ஆஜெரி எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தார். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பெர்ரியின் குரல் சாதாரண ஆண்குரல் ஏறும் உயரத்தைத் தாண்டி, அங்கேயே குடியிருக்கும் குரல். ஸ்டுடியோவில் ஒரு முறை அந்த உயரத்தைத் தொட்டால் போதும். சுற்றுப்பயணத்தில் இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர் தொட வேண்டும். ஆஜெரியின் தொண்டை 2006 கோடையில் கைவிட்டது. மேடையில் முன்பே பதிவுசெய்த குரல் ஓடுகிறது என்ற குற்றச்சாட்டும் கிளம்பியது. அவர் விலகினார், சோட்டோ வந்தார், ஓராண்டுக்குள் சோட்டோவும் போனார்.

ஆக, குழுவுக்குத் தேவைப்பட்டது பெர்ரி மாதிரிப் பாடும் குரல் மட்டும் அல்ல. மாதக்கணக்கில் அப்படியே பாடியும் கிழியாத தொண்டை. இப்படி ஒரு பிறவி எங்கே இருக்கும்?

குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிதார் கலைஞர் நீல் ஷோன், கணினி முன்னால் உட்கார்ந்தார். பதின்வயதிலேயே சன்டானா குழுவில் வாசித்தவர் அவர். பத்தொன்பது வயதில், 1973இல், சான் பிரான்சிஸ்கோவில் ஜர்னியை உருவாக்கினார். ஐம்பத்து மூன்று வயதில் இப்போது யூடியூபில் பாடகரைத் தேடிக்கொண்டிருந்தார். யூடியூபுக்கே அப்போது இரண்டு வயதுதான். அரைகுறை வெளிச்சம், கரகரக்கும் ஒலி, ஒன்றன்பின் ஒன்றாக வீடியோக்கள். எதுவும் சரிப்படவில்லை.

அப்போது ஒரு வீடியோ. ஏதோ ஒரு கிளப் மேடை. நீண்ட கூந்தலோடு ஒல்லியான, குள்ளமான ஆசிய மனிதர் ஜர்னியின் 'ஃபெய்த்ஃபுலி'யைப் பாடுகிறார். ஷோன் கண்ணை மூடிக்கொண்டால் பெர்ரி. கண்ணைத் திறந்தால் யார் இது?

ஆர்னெல் பினேடா. 1967இல் மணிலாவில் பிறந்தவர். பதின்மூன்று வயது ஆகும்போது தாய் இதய நோயில் போய்ச் சேர்ந்தார். மருத்துவச் செலவில் குடும்பம் கடனில் மூழ்கி வீட்டை இழந்தது. தம்பிகள் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். ஆர்னெல் தெருவுக்கு வந்தார். பூங்காவில் படுத்து, காலி பாட்டிலும் பழைய காகிதமும் பொறுக்கி விற்று வயிற்றைக் கழுவினார். பதினைந்து வயதில் ஒரு குழுவில் பாட இடம் கிடைத்தது. அதன் பிறகு கால் நூற்றாண்டு, மணிலாவிலும் ஹாங்காங்கிலும் கிளப் கிளப்பாக, பிறர் பாட்டுகளைப் பாடியே பிழைப்பு. சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் முன்னால் இரவுதோறும் பாடிப் பாடிப் பழுத்த தொண்டை. ஷோன் தேடியது அதைத்தான்.

வீடியோவை ஏற்றியது ஒரு நண்பர். அவர் மூலம்தான் ஷோன் அனுப்பிய மின்னஞ்சல் பினேடாவைச் சேர்ந்தது. பினேடா நம்பவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டார். நண்பர் கெஞ்சிக் கூத்தாடித்தான் பதில் போட வைத்தார்.

அடுத்த சோதனை மணிலாவின் அமெரிக்கத் தூதரகத்தில். விசா அதிகாரி கேட்கிறார், எதற்குப் போகிறீர்கள்? ஜர்னி குழுவுக்குப் பாடிக் காட்ட. அந்த அதிகாரியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர் செய்தது இதுதான்: ஜர்னியின் 'வீல் இன் த ஸ்கை'யை அங்கேயே பாடச் சொன்னார். பினேடா பாடினார். விசா கிடைத்தது.

2007 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் குழுவோடு பாடிப் பார்த்தார். டிசம்பரில், அவர்தான் புதுப் பாடகர் என்ற அறிவிப்பு வந்தது. எரிமலை வெடித்தது. பெர்ரி இல்லாமல் ஜர்னியா என்றது ஒரு கூட்டம். குரலை நகலெடுப்பவன் பாடகனா என்றது இன்னொன்று. அமெரிக்கக் குழுவுக்கு ஆசியாக்காரனா என்று வெளிப்படையாகவே விஷம் கக்கியது மூன்றாவது. வித்தியாசமாகப் பாடினால் துரோகம், அச்சு அசலாகப் பாடினால் போலி. புதுப் பாடகனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் அடி.

இந்த நிலையில் முதல் நிகழ்ச்சியை எங்கே வைப்பார்கள்? யாருக்கும் தெரியாத சின்ன ஊரில் என்று நினைப்பீர்கள். வைத்ததோ சிலியின் வின்யா தெல் மார் நகரில்! 1960 முதல் நடக்கும் இசை விழா. கிந்தா வெர்கரா திறந்தவெளி அரங்கில் சுமார் 15,000 பேர். லத்தீன் அமெரிக்கா முழுவதும் நேரலை. அந்த விழாவின் ரசிகர் கூட்டத்துக்குப் பெயரே 'அரக்கன்'. பிடித்துவிட்டால், பரிசு கொடு என்று கத்தியே வாங்கித் தருவான். பிடிக்காவிட்டால் ஊளையிட்டுப் பாதியில் மேடையை விட்டு விரட்டுவான். விரட்டப்பட்டவர்களில் பெரிய பெரிய ஆட்களும் உண்டு.

2008 பிப்ரவரி 21, இரவு. குழு தயார். ஷோன் கிதாரை மாட்டிக்கொண்டார். பினேடாவுக்கு நடுக்கம். என்னால் முடியாது என்று பின்வாங்கப் பார்த்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பின்வாங்க இனி இடமில்லை. கேமராக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. நாற்பது வயதில், ஜர்னியின் பாடகராக முதல்முறையாக, கூட்டத்தின் முன்னால் ஓடி வந்து மைக்கைப் பிடித்தார்.

அரக்கன் வாயைத் திறந்தான். வெளியே வந்தது ஊளையா, ஆரவாரமா?

(தொடரும்)