கலிபோர்னியாவின் ஆதரவு வீட்டுவசதிச் சட்டங்கள்

ஆதரவு வீட்டுவசதி என்பது, நெடுங்காலம் வீடின்றி வாழ்ந்தோர், கடும் மனநோய் உடையோர் முதலியோருக்குக் குறைந்த வாடகையில் வீட்டையும், அதனுடன் மனநல ஆலோசனை, மருத்துவம் போன்ற சேவைகளையும் இணைத்து வழங்கும் முறை ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலம் இதற்கெனப் பல சட்டங்களை இயற்றியுள்ளது. அம்மாநிலச் சட்டத்தின் வரையறைப்படி இவ்வீடுகளில் வசிக்கும் காலத்துக்கு வரம்பு இல்லை. தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்து இவை வேறுபடுவது இதனாலேயே.

முதலில் வீடு

குடியை விட்டால், மருந்து உட்கொண்டால் வீடு தரப்படும் என்பதே பழைய நடைமுறை. 2016 ஆம் ஆண்டின் செனட் சட்டமுன்வரைவு 1380 இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. இதன்படி, மாநில நிதியில் இயங்கும் வீட்டுத் திட்டங்கள் "முதலில் வீடு" என்னும் கொள்கையைப் பின்பற்ற வேண்டும். சேவைகளை ஏற்பது குடியிருப்பதற்கான நிபந்தனை ஆகாது. குத்தகை விதிகள் வேறெதையும் மீறாத ஒருவரைப் போதைப் பழக்கத்துக்காக மட்டும் வெளியேற்ற இயலாது. குடியிருப்போர் நோயாளிகளாக அன்றி, முழு உரிமையுள்ள வாடகைதாரர்களாகவே கருதப்படுகின்றனர்.

நிதி

2004 இல் வாக்காளர்கள் ஏற்ற முன்மொழிவு 63, ஆண்டுக்குப் 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தனிநபர் வருமானத்தின் மீது 1% வரி விதித்து, அதை மனநலச் சேவைகளுக்கு ஒதுக்கியது. இவ்வரி வருவாயைக் கொண்டு அடைக்கும் வகையில் 200 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டு வீடுகள் கட்ட 2016 இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் இதில் கையொப்பமிட்டார். நிதி பெறும் கவுண்டிகள் (மாவட்டங்கள்) குறைந்தது 20 ஆண்டுகள் மனநலச் சேவை அளிக்க உறுதி தர வேண்டும். வாக்காளர் ஒப்புதலின்றிக் கடன் பெறலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றதால் திட்டம் தாமதமானது. 2018 நவம்பரில் முன்மொழிவு 2 ஏறத்தாழ 63% வாக்குகளுடன் நிறைவேறிய பின்னரே தடை நீங்கியது.

சிகிச்சைக்குரிய பணம் கட்டடங்களுக்கும் வட்டிக்கும் செல்கிறது என்று எதிர்த்தோருள் மனநோயாளிகளின் குடும்பத்தாரும் இருந்தனர். இக்குறையை எளிதில் புறந்தள்ள முடியாது. எனினும் தெருவில் உறங்குபவருக்குச் சிகிச்சையைத் தொடர்ந்து அளிப்பது மிகக் கடினம் என்பதும் உண்மையே.

அயலார் எதிர்ப்பு

பணம் இருந்தும், அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் பல திட்டங்கள் பொது விசாரணைகளில் தேங்கின. 2018 இன் சட்டமன்றச் சட்டமுன்வரைவு 2162, அடுக்குமாடி வீடுகளுக்கு இடமளிக்கும் வலயங்களில், வரையறுத்த தகுதிகளை நிறைவு செய்யும் ஆதரவு வீடுகளைத் தனி அனுமதியின்றிக் கட்ட வழி செய்தது. 50 வீடுகள் வரையிலான திட்டங்களுக்கு 60 நாட்களிலும், பெரியவற்றுக்கு 120 நாட்களிலும் மறுமொழி தர வேண்டும். பொதுப் போக்குவரத்து நிறுத்தத்துக்கு அரை மைல் தொலைவுக்குள் இருந்தால், இவ்வீடுகளுக்கு வாகனத் தரிப்பிடம் கட்டாயமில்லை. சிறு விதிதான், ஆயினும் கட்டுமானச் செலவை இது கணிசமாகக் குறைக்கும்.

2024 மாற்றம்

2024 மார்ச்சில் முன்மொழிவு 1 ஏறத்தாழ 50.2% வாக்குகளுடன் மயிரிழையில் நிறைவேறியது. சிகிச்சை மையங்களுக்கும் வீடுகளுக்குமாக 638 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு இது ஒப்புதல் அளித்தது. மேலும், முன்மொழிவு 63 இன் வரியில் இருந்து கவுண்டிகள் பெறும் தொகையில் 30% வீட்டுவசதிக்குச் செல்ல வேண்டும் என்றும் வகுத்தது.