ஹெட்போனும் அதற்கேற்ற பெருக்கியும்

அமெரிக்காவின் யூடா மாநிலத்தில், தம் வீட்டுச் சமையலறையையே தொழிற்சாலையாகக் கொண்டு நத்தானியேல் பால்ட்வின் என்பவர் செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை சோதித்து ஏற்றுக்கொண்டபோது, அவற்றின் ஒவ்வொரு செவிமூடிக்குள்ளும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள தாமிரக் கம்பி அடங்கியிருந்தது என்பர். அத்தனை கம்பி வீணுக்கு அல்ல. பாட்டரியே இல்லாத படிக ரேடியோக்களில், ஏரியல் பிடித்துத் தந்த அற்ப சக்தி ஒன்றே சப்தத்தை உண்டாக்க வேண்டியிருந்தபடியால், அந்த மெல்லிய மின்னோட்டத்தை ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஓடவிட்டாலன்றி உள்ளிருக்கும் தகடு அசையாது. ஆகவே 2000 ஓம் மின்மறுப்பு உள்ள ஹெட்போன் அக்காலத்தில் சர்வ சாதாரணமாயிற்று.

படிக ரேடியோ மறைந்த பிறகும் அந்த வழக்கம் முற்றிலும் மறையவில்லை. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்டுப் பெரும் புகழ் ஈட்டிய எச்டி 414-இன் அளவும் 2000 ஓம்தான். ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்சாரத்தில் ஒரு கிளையைப் பிரித்து, நடுவே சில நூறு ஓம் மின்தடையை வைத்து ஹெட்போன் துளைக்கு அனுப்பிவிடும் சிக்கன உபாயத்தைப் பெருக்கி செய்தவர்கள் தயக்கமின்றிக் கையாண்டதற்கும் இதுவே அனுகூலமாயிருந்தது. இரண்டாயிரத்துக்கு முன்னால் சில நூறு பெரிதா என்ன!

இந்த நிலைமையைத் தலைகீழாக்கியது, 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி வாக்மன். இரண்டே பென்சில் பாட்டரிகள், மொத்தம் 3 வோல்ட். அதிலிருந்து ஹெட்போனுக்கு ஒரு வோல்ட் கிடைப்பதாகக் கொண்டு, வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்துப் பார்க்கும் வாசகர், 2000 ஓம் கருவிக்கு அரை மில்லிவாட்டும், 32 ஓம் கருவிக்கு 31 மில்லிவாட்டும் சேர்வதைத் தாமே காண்பார். எனவே சட்டைப்பைக் கருவிகளின் உலகில் 16 முதல் 32 ஓம் வரையிலான ஹெட்போன்களே நிலைபெற்றன. குறைந்த ஓம் என்பது சின்னஞ்சிறு பாட்டரியின் ஏழ்மைக்கு இரங்கிப் பிறந்த ஏற்பாடு. அதற்குப் பிரம்மாண்டமான பெருக்கி அவசியம் என்று கடைக்காரர் வற்புறுத்துவது சரித்திரத்துக்கே முரணானது.

ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. பெருக்கியின் உள்ளேயே தங்கிவிடும் வெளியீட்டு ஓம், 2000 ஓம் ஹெட்போனை ஒன்றும் செய்யாதிருந்தது போய், 32 ஓம் ஹெட்போனின் குணத்தையே மாற்றலாயிற்று. ஹெட்போனின் மின்மறுப்பு எல்லாச் சுருதிக்கும் சமமாக இராமல், பலவற்றில் மந்தர ஸ்தாயியில் உயர்ந்து காணப்படுமாதலால், அவ்விடத்தில் மாத்திரம் மின்னழுத்தம் மிகுந்து, மிருதங்கத்தின் தொப்பி நாதம் வீங்கி ஒலிக்கும். 1996-இல் வெளியான சர்வதேசத் தரவிதி ஒன்று பெருக்கிக்கு 120 ஓமையே ஏற்றுக்கொண்டது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பே மிஞ்சுகிறது. பெருக்கியின் ஓம் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் விதி. 32 ஓமுக்கு 4, 16 ஓமுக்கு 2.

இந்த விதியை ஊரறியச் செய்தவர், இன்றுவரை புனைபெயரால் மட்டுமே அறியப்படும் ஒரு பொறியாளர். 2011-இல், ஏறக்குறைய அரை ஓமே உள்ள ஓ2 என்னும் பெருக்கியின் வரைபடத்தை இலவசமாக வெளியிட்டு, அளவைக் கருவிகளின் சாட்சியத்தோடு, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு அது சளைத்ததன்று என்று வாதாடிய அவர், 2012-இல் திடீரென மௌனமாகிவிட்டார். 2018-இல் ஆப்பிள் நிறுவனம் 9 டாலருக்கு விற்ற யுஎஸ்பி-சி ஹெட்போன் இணைப்பான் கூட ஏறத்தாழ ஒரு ஓமுக்குள் அடங்கிவிட்டது.

ஆதலால் மிதமான பணத்தோடு கடைக்குச் செல்பவர், வாட் கணக்கைப் பிறகு கேட்கட்டும். வெளியீட்டு ஓம் எவ்வளவு, பாட்டு ஓடாதபோது காதில் இரைச்சல் கேட்கிறதா என்ற இரண்டையும் முதலில் விசாரிக்கட்டும். குறைந்த ஓமிலும் மின்னோட்டத்தை ஏராளமாக விழுங்கும் பிளேனார் என்னும் வகை ஹெட்போன்களுக்கு மட்டும் வலுவான பெருக்கி வேண்டும். மற்றவர்கள் மிச்சப்படும் பணத்தை நல்ல ஹெட்போனிலேயே செலவிடலாம்.