பிராக் உப்பு–வெல்லக் கரைசல் திட்டம்: கண்காணிப்பும் மதிப்பீடும்

வயிற்றுப்போக்கால் உடல்நீர் வற்றிக் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, வங்கதேசத்தில் ஃபசல் ஹசன் ஆபேத் 1972இல் நிறுவிய பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடுவீடாக நடத்திய இத்திட்டம், கண்காணிப்பைப் பணியின் உள்ளுறுப்பாகவே கொண்டிருந்தது. மூன்று விரல் கிள்ளு உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரை சேர் நீரில் கரைக்கும் முறையைப் பெண் ஊழியர்கள் தாய்மார்க்குக் கற்பித்தனர். சில வாரங்கள் கழித்து வேறொரு கண்காணிப்பாளர், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று கேள்விகள் கேட்டு, தாயைக் கொண்டே கரைசலைத் தயாரிக்கச் செய்து, அதன் உப்பளவை அறிய மாதிரியை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பினார். ஊழியரின் ஊதியம் சென்ற வீடுகளின் எண்ணிக்கையைச் சாராமல், தாயின் நினைவில் நின்றதையே சார்ந்தது.

எனினும் வெளியீடு, அதாவது கற்பித்த அளவு, வேறு. விளைவு, அதாவது நோய் வந்தபோது கரைசல் புகட்டப்பட்டதா என்பது, வேறு. தொடக்க மதிப்பீடுகளில் பயன்பாடு மிகக் குறைவாகவே இருந்தது. காரணம் தேடியபோது, ஊழியர்களுக்கே கரைசலில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், குடும்பத்து ஆண்கள் ஒதுக்கப்பட்டிருந்தனர் என்பதும் தெரியவந்தன. இத்தகைய சங்கடமான முடிவுகளை மறைக்காமல் பயிற்சியையே மாற்றியமைத்தது இத்திட்டத்தின் தலையாய சிறப்பு. ஆண்களுக்கும் கரைசலின் பயன் விளக்கப்பட்டது. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளைத் திட்டம் எட்டியது.