தேர்க்காலும் நட்டஈடும்

மகன் செலுத்திய தேரின் காலிலே கன்றொன்று மடிந்தது. அரசன் தன் மகனையும் அதே தேர்க்காலுக்கு இரையாக்கினான். இக்கதையைத் தமிழ் நூல்கள் சோழ மன்னன் ஒருவன்மேல் ஏற்றிக் கூறும். மகாவம்சமோ அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறும். செங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறைகளில் இன்றும் நாம் இதனைக் கற்பித்து வருகின்றோம். ஆயினும் கதையில் எழாத வினா ஒன்றுண்டு. கொன்றவன் தண்டனை பெற்றான்; கன்றை இழந்த பசு பெற்றது யாது? குற்றவாளியை ஒறுப்பது ஒன்று. இழந்தவரின் வாழ்வைத் தாங்குவது மற்றொன்று. இவ்விரண்டாவதைச் சட்டம் தன் கடமையென ஏற்க நெடுங்காலம் சென்றது. நீதிமான்களின் கருணையால் அது நிகழ்ந்ததெனக் கருதுவோர் இங்கிலாந்தின் வழக்கு வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1808ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றமொன்றில் மதுச்சாலைக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவரும் மனைவியும் பயணிகள் குதிரைவண்டியின் மேற்றட்டில் இருந்து சென்றபோது வண்டி கவிழ்ந்தது. அவர் காயங்களுடன் தப்பினார்; மனைவி ஏறத்தாழ ஒரு மாதம் வைத்தியசாலையிற் கிடந்து இறந்தார். பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு ஜூரிமாருக்குக் கூறியது இதுவே: கணவரின் காயத்துக்கும், மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாதத் துன்பத்துக்கும் நட்டஈடு கணக்கிடலாம், உயிர் பிரிந்த கணத்தோடு கணக்கும் முடிந்துவிடும். மனித உயிரின் இழப்பு சிவில் நீதிமன்றத்தில் முறையிடத்தக்க தீங்கன்று என்பது அவர் கண்ட நியாயம். இதனால் விளைந்தது யாதெனில், வண்டிக்காரனுக்கு ஒருவரை முடமாக்குவதிலும் கொன்றுவிடுவதே மலிவாயிற்று. (ஆங்கிலச் சட்டமே நாகரிகத்தின் உச்சம் என நம்மவர் பலர் நம்பி வந்தனர். இலங்கையில் வழங்கும் உரோம டச்சுச் சட்டமோ, உழைத்துக் காப்பாற்றியவரை இழந்த குடும்பத்தாரின் வழக்குரிமையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே, குரோசியசின் காலத்தில், ஏற்றிருந்தது.)

இங்கிலாந்தில் எஞ்சியிருந்தது 'தியோடண்ட்' என்னும் பழைய வழக்கம் மட்டுமே. மனிதனைக் கொன்ற வண்டியோ எருதோ, அல்லது அதன் பெறுமதியோ, முடிக்கு உரியதாகும். இறந்தவனின் மனைவி மக்களுக்கன்று. தூங்கிக் கிடந்த இவ்வழக்கத்துக்குப் புகையிரதம் வந்ததும் புதுப்பல் முளைத்தது.

1841 டிசம்பர் 24ஆந் திகதி, நத்தாருக்கு முதல்நாள் அதிகாலை, இலண்டனிலிருந்து மேற்கு நோக்கிச் சென்ற புகையிரதமொன்று சொன்னிங் என்னுமிடத்து மேட்டுநில வெட்டில், மழையிற் சரிந்து கிடந்த மண்ணில் மோதியது. மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் கூரையற்ற திறந்த பெட்டிகளில் ஏற்றி, அவற்றை எஞ்சினுக்கும் பாரமான சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவே கோத்திருந்தனர். பின்னிருந்த பாரம் முன்னே தள்ள, நடுவிலிருந்த மனிதர் வெளியே வீசி எறியப்பட்டனர். ஒன்பது பேர் இறந்தனர். பயணிகளுட் பலர் புதிய பாராளுமன்ற மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர். பண்டிகைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தோர். சட்டம் இயற்றுவோருக்கு மாளிகை எழுப்பியவர்களின் குடும்பங்களுக்கு அச்சட்டத்தில் ஒரு சல்லிக்கும் உரிமையிருக்கவில்லை. மரண விசாரணை ஜூரிமார் எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் 1,000 பவுண் 'தியோடண்ட்' விதித்தனர். சாதாரண மக்களின் சினம் பழைய சட்டத்தின் பொந்தொன்றினூடாக வெளிவந்தது என்றே நாம் இதனைக் கொள்கின்றோம்.

1844இல் மூன்றாம் வகுப்புக்குக் கூரை வந்தது. 1846இல் சில நாள் இடைவெளியில் இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று 'தியோடண்ட்' வழக்கத்தை ஒழித்தது. மற்றையது, காம்பெல் பிரபுவின் முயற்சியால், இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு நட்டஈடு கோரும் உரிமையளித்தது. கம்பனிகளைச் சுட்ட ஆயுதத்தை ஜூரிமார் கையிலிருந்து பறித்தபோதுதான் விதவைகளுக்கு வழி திறந்தது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். அவ்வழியும் ஒடுங்கியதே. இழந்த வருமானத்துக்கே ஈடு, துயரத்துக்கு ஈடில்லை என 1852இல் நீதிமன்றம் தீர்த்தது. கனவானின் உயிர் ஒரு விலை, கூலியாளின் உயிர் வேறு விலை.

வேலையாளின் நிலை இன்னும் இழிந்தது. பாரம் மிகுந்த வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்த இறைச்சிக்கடை வேலையாள் ஒருவனுக்கு ஜூரிமார் வழங்கிய 100 பவுணை 1837இல் நீதிபதிகள் மறுத்தனர். இதனை ஏற்றால், பணிப்பெண் ஈரப் படுக்கை விரித்தமைக்காகவும் வேலையாள் எசமானன்மேல் வழக்காடுவான் என அஞ்சினர்! இதிலிருந்து வளர்ந்த 'சக ஊழியர்' கோட்பாடு 1948 வரை உயிர்வாழ்ந்தது. இடையில், 1897இல், எசமானனின் குற்றத்தை நிரூபிக்காமலே நட்டஈடு பெறும் தொழிலாளர் சட்டம் அங்கு வந்தது. இலங்கையில் 1934இல் வந்தது.

வீதியில், மோட்டார் வண்டிகள் ஆண்டொன்றுக்கு ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பின்னரே, 1930இல், மூன்றாம் தரப்புக் காப்புறுதி பிரித்தானியாவிற் கட்டாயமாயிற்று. வைத்தியசாலையின் கதவு மேலும் இறுக்கமானது. தகுதியுள்ள வைத்தியரை நியமிப்பதோடு நிருவாகத்தின் கடமை தீர்ந்தது என்பது 1909இன் தீர்ப்பு. தொழிலாளி ஒருவர் இரு விரல்கள் மடங்கியிருந்த கையுடன் சத்திரசிகிச்சைக்குச் சென்று, நான்கு விரல்களும் விறைத்துப் பயனற்ற கையுடன் மீண்டார். விளக்கம் கூறவேண்டியது வைத்தியசாலையே என 1951இல் டெனிங் பிரபு முதலியோர் தீர்த்தனர். ஆயினும் 1957இன் பிறிதொரு தீர்ப்பு, வைத்தியரின் கவனயீனத்தை அளக்கும் கோலைச் சக வைத்தியரின் கையிலேயே கொடுத்தது.

உரிமை ஏட்டில் ஏறியபின்னரும் நிரூபிக்கும் பாரம் காயப்பட்டவரின் தோளிலேயே கிடந்தது. நம் நாட்டிலே, குழந்தையொன்றின் மரணம் பற்றிய வைத்தியக் கவனயீன வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் தந்தைக்குச் சார்பாகத் தீர்த்தன. கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. வசதியுள்ளோர் மூன்று நீதிமன்றங்கள்வரை செல்லலாம். அரசினர் வைத்தியசாலை வரிசையில் நிற்கும் தோட்டத் தொழிலாளியோ விவசாயியோ எத்தனை படி ஏறுவார்?

இப்பாரத்தையே இறக்கிவைக்க முனைந்த நாடு நியூசிலாந்து. நீதிபதி உட்ஹவுஸ் தலைமையிலான அரச ஆணைக்குழு 1967இல் அளித்த அறிக்கை, விபத்தின் சுமையைச் சமுதாயம் முழுவதும் ஏற்கவேண்டும் என்றது. 1974 ஏப்பிரல் முதலாந் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. வீதி, தொழிற்சாலை, வைத்தியசாலை எவ்விடத்துக் காயமாயினும் யார் குற்றம் என்ற ஆராய்ச்சி தேவையில்லை. வேலை செய்ய இயலாதவருக்கு வருமானத்தில் 80 வீதம் கிடைக்கும். மாற்றாக, நட்டஈட்டுக்கு வழக்காடும் உரிமை நீங்கிற்று. கம்பனிகளுக்கு இது வசதி என்ற கண்டனத்தில் உண்மையில்லாமல் இல்லை. எனினும் வழக்காடப் பணமற்றவர் இழந்த உரிமை எவ்வளவு என்றும் கேட்டல் வேண்டும்.

அங்கும் ஓர் எல்லையுண்டு. வண்டி மோதிக் காலிழந்தவருக்குச் சம்பளத்தின் 80 வீதம். நீரிழிவால் காலிழந்த அயலவருக்கு அத்திட்டத்தில் இடமில்லை. நோயையும் பின்னர் சேர்க்கலாம் என உட்ஹவுஸ் 1967இலேயே எழுதிவைத்தார். அந்தப் பக்கம் இன்னும் சட்டமாகவில்லை.